கன்னியம்மாள் வாய்விட்டுப் படிக்காத பெயர்

பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கப் புதிதாக ஒரு பாடப்புத்தகம் அச்சடித்திருக்கிறார்களாம். எனக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு டீச்சர்கள் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். சாயங்காலத்தில் ஊர்க்காரர்களுக்குச் சம்பளமில்லாமல் வகுப்பு எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது என்று புரியவில்லை. "நீங்க அந்தக் காலத்துலயே தோல் ஷாப்பு ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்களாமே" என்றார்கள்.

மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தேன். அ, அணில். ஆ, ஆடு. பக்கத்தில் படம். ஆட்டுக்கு நாலு கால் சரியாகப் போட்டிருந்தார்கள், அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் நாள் முழுக்க ஆட்டுத் தோலில் கை வைத்து நிற்கிற மனுஷியிடம் போய் இது ஆடு என்று சொன்னால் அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? நான் அதை ஒரு முறை செய்து பார்த்துவிட்டேன். அதனால் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொன்னதை எழுதியும் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன்.

நான் பிறந்தது திமிரி. அப்பா மாட்டு வண்டி ஓட்டினார். ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து ஆவாரம்பட்டை ஏற்றிக்கொண்டு வந்து ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் இறக்குவார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் தோல் ஷாப்பு என்றுதான் சொல்வோம். அந்தப் பட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரில்தான் தோல் பதமாகும். ஆகவே அந்த வாடை எனக்குப் பிறந்த வீட்டு வாடை. வேலூரில் ட்ரெயினிங் படித்தேன். சாக்பீஸை எப்படிப் பிடிப்பது, பிரம்பை எப்படிப் பிடிப்பது என்று இரண்டையும் சொல்லிக் கொடுத்தார்கள். முடித்ததும் ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது.

அது தோல் ஷாப்பு முதலாளிமார் சேர்ந்து வைத்த பள்ளிக்கூடம். முதலாளிகள் முஸ்லிம்கள், அதனால் தோல் ஷாப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. வேதக்காரியான நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கு ஓடி, பாதிப் பிரசங்கத்தில் எழுந்து, பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருவேன். பாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். நானும் பதிலுக்குப் பார்த்துவிட்டு வருவேன்.

இரண்டாவது ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு ஒரு நாள், தோல் ஷாப்பின் தலைமைக் குமாஸ்தா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பெயர் கரீம். முன்ஷி சாயபு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒல்லியான, உயரமான மனிதர். மழை வெயில் எதுவானாலும் கையில் குடை இருக்கும், விரித்து நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

"டீச்சரம்மா, வெள்ளிக்கிழமை காலையில பட்டைக் கிடங்குல ஆளுங்களுக்கு எழுத்து சொல்லித் தர்றேன். ஆம்பளைங்களுக்கு நான் இருக்கேன். பொம்பளைங்க என்கிட்ட வர வெக்கப்படறாங்க. நீங்க வர்றீங்களா? சம்பளம் கெடையாது. தூசி ஜாஸ்தி."

இவ்வளவுதான் கேட்டார். நான் வருகிறேன் என்றேன்.

முதல் வெள்ளிக்கிழமை என் ட்ரெயினிங்கை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டினேன். அ, அணில். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் என் அம்மா வயது. ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அணிலு எங்களுக்குத் தெரியும் டீச்சரம்மா. நீங்க பாத்ததில்லையா?" என்றாள். அவள்தான் கன்னியம்மாள். முப்பது வயதிருக்கும். சுண்ணாம்புக் குழிப் பக்கம் அவளுக்கு வேலை. தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டால் மயிர் இளகும். அதைக் கையால் பிடுங்கிச் சேர்ப்பது பெண்களின் வேலை.

வகுப்பு முடிந்ததும் முன்ஷி என்னை நிறுத்திவைத்தார். குரல் இறங்கியிருந்தது. "உங்க ஸ்கூல் புள்ளைங்களுக்கு வயசு இருக்கு. இவங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருக்கு. அதுல அணிலுக்கு இடம் இல்ல" என்றார். பிறகு கிடங்குக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் தாம் எழுதி வைத்திருந்த சட்டங்களைக் காட்டினார். நான் உள்ளே வரும்போது அதைக் கவனிக்கவில்லை.

அந்தச் சட்டங்களை இப்போதும் அப்படியே சொல்வேன். கற்பிக்கிறவர் நிற்கக் கூடாது, எதிரே தரையில் உட்கார வேண்டும். கிடங்குக்குள் எல்லோருக்கும் வாங்க, போங்கதான். தப்பு என்று சொல்லக் கூடாது, 'இன்னொரு தரம்' என்று சொல்ல வேண்டும். முதல் பாடம் அவரவர் பெயர். கடைசியாக, எதை எழுதினாலும் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். "படிக்காம எழுதினா அது எழுத்து இல்ல, கோலம்" என்பார்.

இதில் வாங்க, போங்கதான் பெரிய பாடு. சேரி ஜனங்களை அப்படி யாரும் கூப்பிட்டுப் பழக்கமில்லை. 'கன்னியம்மா, இப்படி வந்து உட்காருங்க' என்று நான் சொன்னதும் அவள் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

இன்னொரு தொல்லை கை. சுண்ணாம்பு பட்டுப் பட்டு அவர்கள் விரலெல்லாம் வெடித்திருக்கும். எரிச்சலுக்கு வியாழக்கிழமை வேலை விட்டதும் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். காலையில் அந்தக் கையோடு பலகையைத் தொட்டால் அதில் எழுத்து விழாது. முன்ஷி வாசலில் ஒரு கூடை தவிடு வைத்திருந்தார். உள்ளே வருகிறவர்கள் தவிட்டை அள்ளித் தேய்த்து எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். மெல்லிய பலப்பம் விறைத்த விரலுக்குள் நிற்காது என்பதால், அதன் மேல் தோல் துண்டைச் சுற்றி நூலால் கட்டிக் கொடுத்தோம். அதற்கும் முன்னால் பல வாரம் பலப்பமே கிடையாது. பட்டைத் தூளைத் தரையில் பரப்பி விரலால் எழுதுவார்கள். கையால் தடவினால் அழிந்துவிடும், மறுபடி எழுதலாம்.

கன்னியம்மாள் கெட்டிக்காரி. பெயரை எல்லோருக்கும் முன்னால் எழுதினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் சீக்கிரம் வந்துவிட்டது. ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியாமல் இருந்தது. பலகையில் 'வெள்ளைப் பசு வந்தது' என்று எழுதிப் படிக்கச் சொன்னால் 'பசு வந்தது' என்பாள். முதல் வார்த்தை எங்கே என்றால் குனிந்துகொள்வாள். இன்னொரு தரம் என்றால் இன்னொரு தரமும் 'பசு வந்தது'தான். எனக்குப் பொறுமை கம்மி. மூன்று வெள்ளிக்கிழமை அந்த ஒரு வார்த்தையோடு மல்லுக்கு நின்றேன்.

கடைசியில் பக்கத்தில் இருந்த ராஜம்மாள் சொன்னாள். "அவ அத்தச் சொல்ல மாட்டா டீச்சரம்மா. அவ வூட்டுக்காரரு பேரு வெள்ளையன்."

கிடங்கு முழுக்கச் சிரிப்பு. கன்னியம்மாளும் சிரித்தாள். வெள்ளை என்ற சொல்லே அவள் வாயில் கிடையாது. 'பால் கலர்' என்பாள். வெள்ளாட்டுத் தோல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கொம்பாட்டுத் தோல்' என்பாள். மேஸ்திரிக்குக்கூட அது பழகிப்போயிருந்தது. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் உள்ள எண்ணம்தான். ஆனால் கன்னியம்மாள் விஷயம் சாதாரணமில்லை. வெள்ளையன் கோலார்த் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன். போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரு தகவலும் இல்லை. சுரங்கம் சரிந்து செத்துவிட்டான் என்று ஒருவர் சொல்வார், வேறு ஊருக்குப் போய்விட்டான் என்று இன்னொருவர் சொல்வார். அவள் காதில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு வேலைக்கு வருவாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளிடம் இருந்த பிடிமானம் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பது ஒன்றுதான்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பாலாறு பெருகி, கரையோரம் இருந்த அவர்கள் குடிசைகளை அடித்துக்கொண்டு போயிற்று. சர்க்காருக்கு மனு மேல் மனு போட்டு, ஊருக்கு மேற்கே மேட்டு நிலத்தில் ஆளுக்கு ஒரு வீட்டு மனை கொடுப்பதாக உத்தரவு வாங்கினோம். மனுவெல்லாம் முன்ஷியின் கைவேலை. இதில் ஊர் மணியக்காரருக்கு வயிற்றெரிச்சல். அந்த மேட்டில் அவர் பல வருஷமாக வைக்கோல் போர் போட்டு வந்தார்.

கார்த்திகைக் கடைசியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து புளியமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பெயர் விசாரித்து, கட்டை விரல் ரேகை வாங்கிக்கொண்டு பட்டா கொடுத்தார்கள். பட்டை இடிக்கிறவர்களுக்கு ரேகை விழுந்தது. சுண்ணாம்புக் குழி ஆட்கள் வந்தபோதுதான் சிக்கல். விரலை மையில் உருட்டித் தாளில் வைத்து எடுத்தால் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். இடது கை, வலது கை இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். மயிரைத் தின்கிற சுண்ணாம்பு விரலின் ரேகையையும் தின்று தீர்த்திருந்தது.

மணியக்காரர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி முன்னால் வந்தார். "ஐயா, இந்தக் குழிக்காரங்க ரேகை எல்லாம் ஒரே மாதிரிதான். நாளைக்கு எவன் வந்து நான்தான்னு நின்னாலும் இந்த மையைக் காட்டி மனையை வாங்கிக்குவான். அப்புறம் பொறுப்பு யாரு?"

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதரில்லை. ஆனால் சட்டத்தை விட்டு ஒரு விரற்கடை நகர மாட்டார். ரேகை இல்லாதவர்கள் தங்கள் பெயரையும், ஆணானால் தகப்பன் பெயரையும், பெண்ணானால் புருஷன் பெயரையும், அவர் கண் முன்னால் தங்கள் கையாலேயே எழுத வேண்டும் என்றார். ஆண்கள் முன்ஷியிடம் படித்தவர்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து எழுதினார்கள். குழியில் வேலை செய்த மற்றப் பெண்களுக்குப் புருஷன் கூடவே இருந்ததால் மனை புருஷன் பெயருக்குப் போயிற்று. தனியாக நின்றவள் கன்னியம்மாள் ஒருத்திதான்.

அவள் பேனாவை வாங்கித் தன் பெயரை அழகாக எழுதினாள். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, "இந்தச் சேரியில ரெண்டு கன்னியம்மா இருக்காங்க. நீ யார் மனைவி? எழுது" என்றார்.

அவள் பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டாள்.

ராஜம்மாள் ஓடி வந்து, "வெள்ளையன் பொண்டாட்டி சாமி" என்றாள். ரேகை விழுந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் சொன்னதே போதும், அதுதான் வழக்கம். ரேகை இல்லாததால் அது செல்லாது என்றார் இன்ஸ்பெக்டர். மணியக்காரர் சிரித்துக்கொண்டே, "புருசன் இருந்தாத்தானே பேரு வரும்" என்றார். கன்னியம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இருக்காரு" என்றாள்.

பொங்கல் கழித்து இன்னொரு முறை வருவேன், அதுதான் கடைசி, அன்றைக்கும் முடியாவிட்டால் இந்த மனை சர்க்காருக்கே திரும்பிப் போகும் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனார். சர்க்காருக்குத் திரும்பினால் மறுநாளே அதில் மணியக்காரரின் வைக்கோல் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் அவளை விடவில்லை. "ஒரு பேர் எழுதினா ஒருத்தர் செத்துப்போவாரா? இந்த ஊர்ல அவர் பேரை எத்தனை பேர் சொல்றாங்க, அதனால என்ன ஆச்சு?" என்றேன்.

"மத்தவங்க சொல்றது வேற, நான் சொல்றது வேற டீச்சரம்மா."

"மழை வந்தா எங்க போய் இருப்பீங்க? வீடு பெரிசா, பேர் பெரிசா?"

"ரெண்டும்தான் பெரிசு. உங்களுக்குக் கல்யாணம் ஆனா தெரியும்."

எனக்குக் கோபமான கோபம். பின்னால் கல்யாணம் ஆகி, என் வீட்டுக்காரரை 'இந்தாங்க' என்று மட்டுமே நாற்பது வருஷம் கூப்பிட்டேன் என்பது தனிக் கதை. அன்றைக்கு எனக்கு அவள் பிடிவாதம்தான் தெரிந்தது. அதே சமயம், அந்த மனையை வைக்கோலுக்கு விட்டுக்கொடுக்க என் மனம் ஒப்பவே இல்லை. என்ன ஆனாலும் இவளை அதில் குடி வைத்தே தீருவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

முன்ஷி அந்தப் பக்கம் ஆண்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, தொழுகைக்குப் போக வேண்டிய மனிதர் போகாமல் கதவுக்கு முன்னால் நின்றார்.

"டீச்சரம்மா, அவங்க ஏன் எழுத மாட்டேங்கறாங்க?"

"அதான் சொன்னாளே, பேர் சொல்லக் கூடாதாம்."

"சொல்லக் கூடாது. சரி. எழுதக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். அப்படி அவள் சொல்லவில்லைதான். 'நான் சொல்றது வேற' என்றுதான் சொன்னாள்.

"இங்க எழுதினா படிக்கணும்னு ரூல் இருக்கு. எழுதினா சொல்லித்தான் ஆகணும்னு நாமதானே அவங்களைப் பழக்கிட்டோம்" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கதவில் கடைசியாக எழுதியிருந்த சட்டத்தைத் துடைத்தார். எப்போதும் அவர் பெருமையாகச் சொல்கிற சட்டம் அது. "இது நான் போட்ட ரூல்தானே, அல்லா போட்டதில்லையே. நீங்க எழுத்தை மட்டும் குடுங்க. சேர்க்கறதும் சேர்க்காததும் அவங்க இஷ்டம். பேஜார் பண்ணாதீங்க" என்றார். பிறகு வேகமாக மசூதிப் பக்கம் நடந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து வெள்ளையன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கன்னியம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து பட்டைத் தூளில் 'வெல்லம்' என்று எழுதினேன். பிறகு முள். பிறகு காளை. பிறகு வயல், மீன். ஒவ்வொன்றிலும் எனக்கு வேண்டிய எழுத்தை மட்டும் தனியாக எடுத்து அவளை எழுதச் சொன்னேன். வெல்லத்தில் வருகிற வெ. முள்ளில் வருகிற ள். காளையில் வருகிற ளை. ஒன்றை எழுதி, தடவி அழித்து, அடுத்ததை எழுதுவோம். இரண்டை ஒருபோதும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவில்லை. பண்டிகைக்குக் கரும்பு பற்றி எழுதலாம் என்று மற்றவர்கள் கேட்டபோதும் நான் வெல்லத்தையும் மீனையும் விடவில்லை. என் வகுப்புக்கு மீன் வகுப்பு என்று ஆண்கள் பெயர் வைத்தார்கள்.

மார்கழி கடைசியில் ஒரு நாள் அவள் விரலைத் தூளில் வைத்தபடி நிமிர்ந்தாள். "இன்னா பண்றீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா டீச்சரம்மா?"

"தெரிஞ்சா நல்லதுதான். மீனை இன்னொரு தரம் எழுதுங்க" என்றேன்.

அவள் எழுதினாள். ஆனால் ஐந்து எழுத்தையும் சேர்த்து அவள் எழுதி நான் பார்க்கவே இல்லை. பொங்கல் வந்தது, போயிற்று. எழுதுவாளா மாட்டாளா என்று கேட்க முன்ஷி எனக்கு அனுமதி கொடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி அதே புளியமரத்தடிக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நான் போனேன். முன்ஷி தூரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். மணியக்காரர் வைக்கோல் வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்து ஓரமாக நிறுத்தியிருந்தார். அவ்வளவு நம்பிக்கை.

கன்னியம்மாள் குளித்து, தலை சீவி, குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். மடியிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்து இன்ஸ்பெக்டரின் பேனாவில் சுற்றினாள். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சும்மா இருந்தார். அவள் மேஜைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று முதலில் தன் பெயரை எழுதினாள். பிறகு சற்று நின்றாள். பாலாற்றுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு எழுதத் தொடங்கினாள். நான் நின்ற இடத்திலிருந்து தாள் தெரியவில்லை, அவள் முழங்கை அசைவதுதான் தெரிந்தது. அந்த அசைவை வைத்தே எனக்கு எழுத்துத் தெரிந்தது. வெல்லம். முள். காளை. வயல். மீன்.

எழுதி முடித்து, பேனாவிலிருந்து தோலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தாளைத் தன் பக்கம் திருப்பாமலே, "என்ன எழுதியிருக்கே? படி" என்றார்.

"எழுதிட்டேன் சாமி."

"அதான் பார்த்தேன். வாய்விட்டுப் படி."

"கைதான் எழுதலாம் சாமி. வாய் சொல்லக் கூடாது. நீங்க படிச்சவங்க. நீங்க படிங்க."

மணியக்காரர், "பாத்தீங்களா ஐயா, எவனோ போட்டுக் குடுத்ததை அப்படியே வரைஞ்சிருக்கா. படிக்கத் தெரியாது" என்றார். இன்ஸ்பெக்டர் அவரைக் கையமர்த்தினார். மேஜையில் இருந்த பட்டாவை எடுத்து, ஓர் இடத்தில் விரல் வைத்து, "இதைப் படி" என்றார். கன்னியம்மாள் குனிந்து பார்த்தாள். "வடக்கே... வண்டிப் பாதை. கிழக்கே... புறம்போக்கு. மேட்டு... மனை" என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். குரல் அந்த மேட்டு நிலம் வரை கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் அவர் அவள் எழுதிய தாளைத் தன் பக்கம் திருப்பினார். "வெள்ளையன் மனைவி கன்னியம்மாள்" என்று நிதானமாகப் படித்தார். "சரிதானா அம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கும்தான். சொல்வதில் வெட்கமில்லை, ராஜம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பட்டாவை அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். வைக்கோல் வண்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

முன்ஷியிடம் ஓடினேன். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "டீச்சரம்மா, வெள்ளிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வாங்க. தவிடு தீந்துபோச்சு, வழியில வாங்கிட்டு வரணும்" என்றார். அவர் குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது. அது கோபத்தால் இறங்கியதில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த வகுப்பு அதற்குப் பிறகும் பல வருஷம் நடந்தது. துடைத்த சட்டத்தை அவர் மறுபடி எழுதவில்லை. நான் மட்டும் பெண்களின் பக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். யாராவது ஒரு சொல்லில் நின்றுவிட்டால், அவர்களுக்கு எழுத்துத் தெரியவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவர்கள் வீட்டில் யார் யார் என்று விசாரிக்கத் தொடங்கினேன். புதுப் புத்தகத்தோடு வந்த டீச்சர்களுக்கு நான் சொன்ன யோசனையும் அது ஒன்றுதான்.

மேட்டு மனையில் கன்னியம்மாள் மண் சுவர் எழுப்பிக் கூரை போட்டாள். குடி போன அடுத்த நாள் நான் போனபோது, வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் கொட்டை கொட்டையாக ஐந்து எழுத்து. ஷாப்பிலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்பைக் கரைத்து, விரலாலேயே எழுதியிருந்தாள். வெள்ளையன். தன் பெயரை எழுதவில்லை.

"என்ன கன்னியம்மா இது?" என்றேன்.

"அவரு போனப்ப நாங்க ஆத்தோரம் இருந்தோம். திரும்பி வந்தா அங்க ஒண்ணும் இருக்காதே. இந்த வூடுதான்னு தெரிய வாணாமா?"

"அவருக்குப் படிக்கத் தெரியாதே."

"அவருக்குத் தெரியாது. தெருவுல போறவங்கள்ல ஒருத்தருக்காவது தெரியுமில்ல. வெள்ளையன் வூடு எங்கன்னு கேப்பாரு. காட்டுவாங்க."

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வருகிற வழி அது. எழுத்துக் கூட்டக் கற்ற பிள்ளை கண்ணில் படுகிற எதையும் உரக்கப் படிக்காமல் விடுமா? ஒவ்வொரு வருஷமும் ஒரு புதுக் கூட்டம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, வெள், ளை, யன் என்று கத்திக்கொண்டு போகும். பொங்கலுக்குப் பொங்கல் அவள் சுண்ணாம்பு கரைத்து அந்த எழுத்துகளைப் புதுப்பிப்பாள். தலை நரைத்தது, ஷாப்பு வேலையிலிருந்து நின்றாள், அந்தப் பெயரை ஒரு நாளும் வாயால் சொல்லவில்லை. குங்குமத்தையும் எடுக்கவில்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கடைசி நாள், பிள்ளைகளோடு அந்த வழியாகத்தான் நடந்து வந்தேன். முதல் வகுப்புப் பிள்ளைகள் ஓடிப் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார்கள். அந்த வாரம்தான் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தார்கள். எல்லோரும் ஒரே குரலில், "வெள்ளையன்" என்று படித்தார்கள்.

உள்ளேயிருந்து கன்னியம்மாள், யாரோ வாசலில் நின்று அவரைத் தேடிக் கூப்பிட்டது மாதிரி, பதில் கொடுத்தாள்.

"இன்னும் வர்ல கண்ணுங்களா. வந்துடுவாரு."